நாற்பது கயிறுகளும் ஒரு தேர்வும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷம், பொங்கல் கழிந்த பத்தாம் நாள், தமிழ்நாட்டில் அளப்பதற்குப் பிள்ளைகள் தீர்ந்துபோனார்கள்.

சென்னையில் இருந்த தேர்வு மற்றும் அளவீட்டு ஆராய்ச்சிக் கழகம் அதற்கு முந்தைய ஒன்பது வருஷமாக ஒரு பள்ளிக்கூடத்தையும் விட்டுவைக்கவில்லை. நினைவாற்றலை அளந்தார்கள், கவனத்தை அளந்தார்கள், கவனம் இல்லாதபோது எவ்வளவு நினைவிருக்கிறது என்றும் அளந்தார்கள். பிள்ளைகள் முடிந்ததும் வாத்தியார்களை அளந்தார்கள். ஒரு மழை நாளில் வேறு வேலை இல்லாமல் தங்கள் அலுவலகப் பியூனையே அளந்து பார்த்ததில், அவர் இயக்குநரைவிட நாலு மதிப்பெண் கூடுதலாக வாங்கிவிட்டார். அந்தத் தேர்வு நம்பத் தகுந்ததல்ல என்று அன்றைக்கே முடிவு கட்டித் தாளைக் கிழித்துப் போட்டார்கள். இனி எதை அளப்பது? மார்ச் மாதத்துக்குள் புதிதாக எதையாவது அளந்து காட்டாவிட்டால் கழகத்தையே மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

இயக்குநர் டாக்டர் கிருபாநிதிக்குச் சொந்த ஊர் நாசரேத். சின்ன வயதில் தூத்துக்குடிக் கடற்கரையில் சங்கு குளிக்கிறவர்களைப் பார்த்தது அவருக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. "எத்தனை தலைமுறையாகக் கடலில் இறங்குகிறார்கள்! ஒரு ஆளாவது அதற்குப் பரீட்சை எழுதியிருக்கிறானா?" என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்ததும், அதிர்ச்சியில் அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவே இல்லை.

இரண்டே வாரத்தில் உத்தரவு பிறந்துவிட்டது. முக்குளிப்புத் திறன் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும்தான் இனிமேல் சங்கு குளிக்க அனுமதிச் சீட்டு. கடிதம் நாற்பது பேருக்கு வந்தது. அதில் ஒருவர் மனுவேல்.

மனுவேலுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினைந்தாம் வயதிலிருந்து சங்கு குளிக்கிறார். எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி, ஆழத்தில் சுறா பக்கத்தில் உரசிக்கொண்டு போனாலும் பதறாமல், கண்ணில் பட்ட சங்கை எடுத்து வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிற ஆள். அந்த மனுஷன் தபால்காரர் நீட்டிய பழுப்புக் கவரைப் பார்த்ததும் வேர்த்து விறுவிறுத்துப் போனார். அவருடைய மனைவி அந்தோணியம்மாள் கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள். அவள்தான் வாசித்தாள்.

"தேர்ச்சி பெறாதோர் கடலில் இறங்குதல் கூடாதுன்னு போட்டிருக்கு."

"நான் எறங்குவேனா மாட்டேனான்னு மெட்ராஸ்காரனுக்கு எப்பிடிளா தெரியும்?"

"அதுக்குத்தான் பரீட்சையாம். எழுதினியன்னா தெரிஞ்சிருமாம்."

"கடல்ல எறங்கிப் பாத்தாத் தெரியாதாமா?"

"அப்பிடி ஒண்ணும் இதுல போடல்ல," என்றாள் அந்தோணியம்மாள், கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு.

சங்கு குளிப்பதற்கு வருஷத்தில் சில மாதங்கள்தான் வாய்க்கும். கடல் அடங்கித் தண்ணீர் தெளிந்து, அடித்தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். சித்திரை முடிந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும், அதோடு சரி. அந்தச் சில மாதத்துச் சம்பாத்தியத்தில்தான் மனுவேல் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். சீட்டு இல்லையென்றால் உப்பளத்தில் மூட்டை சுமக்கலாம். மூட்டை சுமக்கிற தோள் அவருக்கு உண்டு. தரையில் நாள் முழுவதும் நிற்கிற மனசுதான் கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சங்கு குளிக்கிறவர் தனியாக இறங்குவதில்லை. இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் இருக்கிற ஒருவர் பிடித்திருப்பார். அந்த ஒருவர் மனைவியோடு பிறந்தவராகத்தான் இருப்பார். அண்ணன் தம்பி என்றால் சொத்துக்காகக் கயிற்றை விட்டாலும் விடுவான். மச்சான் விடமாட்டான், விட்டால் கூடப்பிறந்தவளின் தாலி அல்லவா போய்விடும். மனுவேலுக்குக் கயிறு பிடிக்கிறவர் அந்தோணியம்மாளின் அண்ணன் வில்பிரட். இதில் ஒரே ஒரு சங்கடம், மனுவேலும் வில்பிரட்டும் பேசி மூன்று வருஷமாகிறது. மூன்றாவது பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத் தகப்பனாக வில்பிரட்டைக் கூப்பிடாமல் மணப்பாட்டுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுவிட்டார் மனுவேல். அன்றைக்கு நின்றது பேச்சு. அதற்குப் பிறகு இரண்டு பேரும் கயிற்றில்தான் பேசிக்கொண்டார்கள். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு, நாலு இழுப்பு. குடும்பம் நடத்த அதுவே போதுமானதாக இருந்தது.

முதல் தேர்வு கோயில் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு அறையில் நடந்தது. பெஞ்சுகள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானவை. நாற்பது பேரும் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் இருந்ததால், கழகத்தின் புள்ளியியல் உதவியாளர் பொன்னுதுரை கேள்விகளை ஒலிபெருக்கியில் வாசித்தார். தாளில் அ, ஆ, இ, ஈ நாலில் ஒன்றுக்கு எதிரே புள்ளி வைத்தால் போதும். "ஆழத்தில் மூச்சு முட்டினால் நீங்கள் செய்வது: அ, மேலே வருவேன். ஆ, பாடுவேன். இ, யோசிப்பேன். ஈ, இவற்றுள் எதுவுமில்லை."

இப்படி நூறு கேள்வி. மனுவேலுக்குச் சிரிப்பாக வந்தது. மூச்சு முட்டுகிறவன் எங்கே போய் உட்கார்ந்து யோசிப்பான்? அரை மணி நேரத்தில் நாற்பது பேரும் எழுதி முடித்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு, நாளைக்கே கடலுக்குப் போகிறோம் என்று வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் பார்த்தால் டாக்டர் கிருபாநிதியின் முகம் தொங்கிப்போயிருந்தது. பொன்னுதுரை கையால் சுற்றுகிற கணக்கு மிஷினை ராத்திரி பகலாகச் சுற்றியதில் தோள்பட்டை வீங்கியிருந்தது.

"ஒரு மாபெரும் துயரம் நிகழ்ந்திருக்கிறது," என்று ஆரம்பித்தார் டாக்டர். "நூறு கேள்விக்கும் நாற்பது பேரும் சரியான பதிலையே எழுதியிருக்கிறீர்கள்."

நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

"தட்டாதீர்கள்! எல்லாருக்கும் தெரிந்த கேள்வி கேள்வியே அல்ல. கேள்வியின் கடமை மனிதனையும் மனிதனையும் பிரிப்பது. உங்களை ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரிக்க முடியாத கேள்வியை வைத்துக்கொண்டு விஞ்ஞானம் என்ன செய்யும்? ஆகவே, கடலைப் பற்றிய கேள்விகள் அனைத்தும் நீக்கப்படுகின்றன."

மனுவேல் எழுந்து நின்றார். "ஐயா, கடலைப் பத்திக் கேக்காம, வேற எதைப் பத்திக் கேப்பிய?"

"உங்களுக்குத் தெரியாததைப் பற்றி," என்றார் டாக்டர், அன்பாக.

பள்ளிப் பிள்ளைகளை அளந்தபோது மிச்சமான முப்பது கேள்விகள் கழகத்தின் கைவசம் இருந்தன. ஒட்டகத்தின் திமிலில் இருப்பது என்ன? வௌவால் பறவையா, விலங்கா? எஸ்கிமோக்கள் வீடு கட்டுவது பனை ஓலையிலா, செங்கல்லிலா, பனிக்கட்டியிலா, பவளக்கல்லிலா? நாற்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைத்தார்கள். இந்தத் தடவை மதிப்பெண்கள் மேலும் கீழுமாக அழகாகச் சிதறிக் கிடந்தன. டாக்டருக்கு உயிர் வந்தது. கரும்பலகையில் ஒரு மேட்டை வரைந்தார்.

"இது மணி வடிவ வளைவு. ஆண்டவனின் படைப்பில் எல்லாமே இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. இல்லாத இடங்களில் நாங்கள் திருத்திவிடுவோம். நடுவில் இருப்பவர்கள் சாதாரண மனிதர்கள். இடது ஓரத்தில் மந்தம். நாற்பது பேரில் ஆறு பேர் தோற்றாக வேண்டும்."

"அந்த ஆறு பேரு யாருன்னு இப்பமே சொல்லிட்டியன்னா, மத்தவங்க கடலுக்குப் போயிருவோம்லா?" என்று கேட்டார் மனுவேல்.

"யார் என்று எங்களுக்கே தெரியாது. எத்தனை பேர் என்பதுதான் தெரியும்."

"எல்லாருமே பாஸாயிட்டம்னா?"

"அப்படியானால் தேர்வு தோற்றுவிட்டது என்று அர்த்தம். நாற்பது பேருக்காக ஒரு தேர்வைத் தோற்கவிடுவது எந்த ஊர் நியாயம்?"

எந்த ஊர் நியாயமாக இருந்தாலும், காரியம் அங்கேயும் முடியவில்லை. தேர்வு நம்பகமானதா என்று பார்க்க வேண்டுமாம். அதற்காக அதே தேர்வை மறுவாரம் மறுபடியும் வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு வைத்த புள்ளி இரண்டாம் தடவை அதே இடத்தில் விழுமா? போன வாரம் எஸ்கிமோவுக்கு ஓலை வீடு கட்டியவர் இந்த வாரம் செங்கல் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். நம்பகத்தன்மை பூச்சியம் புள்ளி பூச்சியம் இரண்டு. ஒன்று வந்தால் முழு நம்பகம். புள்ளி எட்டுக்குக் கீழே போனால் வெளியில் சொல்லவே கூடாது என்று பொன்னுதுரை விளக்கினார். நம்பகத்தன்மை வருகிறவரை வாரா வாரம் தேர்வு நடக்கும், அதுவரை யாருக்கும் சீட்டு கிடையாது என்று அறிவித்துவிட்டார் டாக்டர்.

மாசி போய்க்கொண்டிருந்தது. கடல் குளத்துத் தண்ணீர் போலத் தெளிந்து சும்மா கிடந்தது. மனுவேல் காலையில் கரைக்குப் போய் அதைப் பார்ப்பார், பிறகு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்ப்பார். மூன்றாம் தடவையும் தேர்வு எழுதிவிட்டு அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அன்றைக்கு அந்தோணியம்மாள் பொறுக்க மாட்டாமல் கத்திவிட்டாள்.

"கயிறு கட்டாம எறங்கினா இப்பிடித்தான் ஆவும்! என்னைக்காவது கயிறு இல்லாம ஒரு எடத்துல எறங்கியிருக்கியளா? இதுல மட்டும் என்னத்துக்குத் தன்னந்தனியாப் போயி முங்குதிய?"

மனுவேலுக்குப் பொறி தட்டியது. நாற்பது பேருக்கும் செய்தி போயிற்று. இப்படி ஒரு அடிப்படைத் தப்பை இத்தனை நாளாகச் செய்துகொண்டிருந்தோமே என்று நாற்பது பேரும் வெட்கப்பட்டார்கள்.

அடுத்த தேர்வுக்கு அவர்கள் இடுப்பில் கயிறோடு வந்தார்கள். கயிறுகள் ஜன்னல் வழியாக வெளியே போயின. வெளியே பூவரச மரத்தடியில் நாற்பது மச்சான்மார் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். பொன்னுதுரை பதறிப்போய்த் தேர்வு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தேர்வறைக்குள் கொண்டுவரக் கூடாதவை என்று நாற்பத்து மூன்று பொருள்கள் இருந்தன. சிலேட்டு இருந்தது, விசிறி இருந்தது, வளர்ப்புப் பிராணிகள்கூட இருந்தன. கயிறு மட்டும் இல்லை.

"இடுப்பில் கட்டியிருப்பதால் அது உடை," என்று தீர்ப்புச் சொன்னார் டாக்டர்.

ஒலிபெருக்கி கேள்வியை வாசித்தது. மரத்தடிவரை நன்றாகக் கேட்டது. அ என்றால் ஒரு இழுப்பு, ஆ என்றால் இரண்டு, இ என்றால் மூன்று, ஈ என்றால் நாலு. இழுத்த கையோடு அந்த எண்ணிக்கையை மறுமுனையில் முடிச்சாகவும் போட்டு வைத்தார்கள். மறுவாரம் முடிச்சைத் தடவித் தடவி அதே இழுப்பை இழுத்தார்கள். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

பொன்னுதுரை கணக்கு மிஷினைச் சுற்றினார். நம்பாமல் மறுபடி சுற்றினார். டாக்டரே வந்து சுற்றினார். நம்பகத்தன்மை ஒன்று! ஒன்று புள்ளி பூச்சியம் பூச்சியம்!

டாக்டர் கிருபாநிதி நாற்காலியில் ஏறி நின்று அழுதார். "அமெரிக்காவில் வராதது! ஜெர்மனியில் வராதது! தூத்துக்குடியில் வந்துவிட்டது!" என்றார். பொன்னுதுரையைக் கட்டிப்பிடித்ததில் பொன்னுதுரையின் வீங்கிய தோள் வலித்தது. சென்னைக்குத் தந்தி பறந்தது. கழகத்தை மூடும் யோசனை கைவிடப்பட்டது என்று மாலைக்குள் பதில் தந்தியும் வந்தது. காரணம் உப்புக் காற்றாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, டாக்டர் அன்றைக்கே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் முடிவு ஒட்டினார்கள். ஆறு பேர் மந்தம். முப்பத்து மூன்று பேர் சாதாரணம். மனுவேலின் பெயர் எல்லாருக்கும் மேலே தனியாக இருந்தது. முப்பதுக்கு முப்பது.

மாலை போடாத குறையாக அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். டாக்டர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"சீட்டு, ஐயா?" என்றார் மனுவேல்.

"உங்களுக்குச் சீட்டு கிடையாது."

"முப்பதுக்கு முப்பதுன்னு..."

"அதனால்தான். நீங்கள் வளைவின் வலது ஓரம். அதிமேதை. இப்படிப்பட்ட மூளையைக் கடலில் நனைப்பது தேசத் துரோகம். மந்தமும் ஆபத்து, மேதையும் ஆபத்து. கடல் சாதாரண மனிதர்களுக்கானது. நீங்கள் திங்கட்கிழமை எங்களோடு சென்னைக்கு வருகிறீர்கள். உங்களை ஆறு மாதம் தொடர்ந்து அளக்கப் போகிறோம்."

மனுவேல் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆறு மாதம்! கச்சான் எழும்பி அடங்கி மழையும் வந்துவிடும். வீட்டில் நாலு பிள்ளைகள். மெட்ராஸில், மூன்றாம் வகுப்புப் பெஞ்சில், ஒட்டகத்தின் திமிலைப் பார்த்துக்கொண்டே சாகப் போகிறோம் என்று நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. மச்சான்மார் எல்லாரையும் காட்டிக் கொடுக்கிறோமே என்று ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு தடாரென்று சொல்லிவிட்டார்.

"ஐயா, எனக்கு ஒரு எழவும் தெரியாது. எஸ்கிமோன்னா மீனா மனுசனான்னுகூடத் தெரியாது. எல்லாம் கயிறு. வெளிய இருந்து இழுத்தாவ, நான் புள்ளி வச்சேன். நாப்பது பேரும் அப்பிடித்தான்."

டாக்டர் கிருபாநிதி மெதுவாக உட்கார்ந்தார். மேஜைமேல் தந்தி இருந்தது, பாதி எழுதிய கட்டுரை இருந்தது.

"ஏலே பொன்னுதுரை," என்றார் டாக்டர். சென்னைக்குப் போன இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து நாசரேத் வெளியே வந்தது அதுவே முதல் தடவை. "என்னலே சொல்லுதான் இவன்?"

பொன்னுதுரை நேர்மையானவர், கணக்குத் தெரிந்த ஆளுக்கு அது ஒரு கெட்ட பழக்கம். "சார், அவர் சொல்வது சரியென்றால், நாம் இவர்களை அளக்கவில்லை. கயிற்றை அளந்திருக்கிறோம்."

டாக்டர் கண்ணை மூடினார். திறந்தபோது அதில் ஒரு ஒளி இருந்தது.

"ஒன்று புள்ளி பூச்சியம் பூச்சியம் வந்ததா, இல்லையா?"

"வந்தது, சார்."

"அப்படியானால் விஞ்ஞானம் தவறவில்லை. அளந்தது கயிறு, நம்பகமானது கயிறு. மனிதன்தான் இத்தனை காலம் நடுவில் வந்து நம் கணக்கைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்! எழுதிக்கொள்ளுங்கள்: கயிறுகள் நாற்பதும் தேர்ச்சி."

"கயிறுகளுக்கு வளைவு வேண்டாமா, சார்?"

"கயிறு எப்படி வேண்டுமானாலும் வளையும்," என்றார் டாக்டர்.

அந்த வருஷம் சங்கு குளிப்பதற்கான அனுமதிச் சீட்டுகள் கயிறுகளின் பெயரில் வழங்கப்பட்டன. மனுவேல் கைக்கு வந்த சீட்டில், பெயர் என்ற இடத்தில் தேங்காய் நார்க் கயிறு என்றும், உயரம் என்ற இடத்தில் பன்னிரண்டு பாகம் என்றும், அடையாளம் என்ற இடத்தில் முப்பது முடிச்சுத் தொகுதிகள் என்றும் டைப் அடித்திருந்தது. கயிறு கடலுக்குப் போகும்போது அதன் இரு முனைகளிலும் ஆட்கள் இருப்பதில் கழகத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. அதற்குக் கீழே மேல்முனை, கீழ்முனை என்று இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். வில்பிரட் பேசாமல் வந்து, பேசாமல் மேல்முனையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் வள்ளம் கிளம்பிற்று. பங்குனிக் கடல் ஆடாமல் கிடந்தது. கரை மறைந்து, கோயில் கோபுரம் மட்டும் தெரிகிற தூரத்தில் பாய் இறக்கினார்கள். மனுவேல் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முடிச்சைச் சரிபார்த்து, வள்ளத்தின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மூன்று வருஷமாகக் கேட்காத குரல், தொண்டை துருப்பிடித்திருந்தது.

"மாப்ள."

மனுவேல் திரும்பவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயம்.

"நெசமாவே அந்த எஸ்கிமோக்காரன் ஐஸ்லதான் வீடு கட்டுதானா?"

"நீதானவே மச்சான் மூணு இழுப்பு இழுத்த? தெரியாமயா இழுத்த?"

"ஐஸ் பேக்டரில நாலு வருசம் வேல பாத்தவன் நான். ஒரு ஐஸ் பெட்டி சந்தைக்குப் போய்ச் சேரதுக்குள்ள பாதி கரைஞ்சிருது. அதுல எவனாவது வீடு கட்டுவானா? கட்டமாட்டான்னுதான் அதை இழுத்தேன். வவ்வாலு பறவைன்னு பச்சப் பிள்ளைக்குத் தெரியும். அதனால வெலங்குன்னு இழுத்தேன். ஒட்டகம் திமிலுக்குள்ள தண்ணி வச்சிருக்கும். நான் கொழுப்புன்னு இழுத்தேன். முப்பதுக்கும் தப்பாப் பாத்துப் பாத்துத்தான் இழுத்தேன்."

மனுவேல் இப்போது திரும்பினார். "என்னயத் தோக்க வைக்கவா?"

"பின்ன? மணப்பாட்டுக்காரன் வந்து இழுத்து உன்னய பாஸாக்கட்டும்னு இருந்தேன்."

வில்பிரட்டின் முகத்தில் கொஞ்சம்கூடச் சிரிப்பில்லை. மனுவேலுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, சிரிப்பு முந்திக்கொண்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும்தான் தன் இடுப்பில் இருக்கிற கயிறு எங்கே போய் முடிகிறது என்று பார்த்தார். அது வில்பிரட்டின் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கீழே எட்டுப் பாகம் தண்ணீர்.

"இப்பமும் கோவம் இருக்கா, மச்சான்?"

"இருக்கு."

"அப்பம் நான் எறங்கவா, வேண்டாமா?"

வில்பிரட் கயிற்றை இன்னொரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டார். காலை விளிம்பில் உதைத்து ஊன்றிக்கொண்டார்.

"அது தரை," என்றார். "இது கடலு. எறங்கு மாப்ள."

மனுவேல் மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினார்.